பெட்டிக்குள் ஒரு பசியாறல்



காலை ஆறரை மணிக்கெல்லாம் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டிய ஆசிரியைக்குத் தோசை ஊற்ற நேரம் ஏது? பல ஆண்டுகளாக என் பசியாறல் ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. கிண்ணம் நிறையச் சாக்லெட் சீரியல், கொஞ்சம் பால். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். உயிர்ச்சத்துகளும் இரும்புச்சத்தும் சேர்க்கப்பட்டது என்று பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான் அதை நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில், "வெறும் வயிற்றோடு இருப்பதைவிட இது மேல், பெரியவர்களுக்கும் சத்தானது" என்று அறிவுரையும் கூறிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மாணவியின் தாயார் என்னைப் பள்ளியில் சந்தித்தார்.

"டீச்சர், நீங்கள் சொன்னீர்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் அதையே வாங்குகிறேன். அவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. சத்து என்று தினமும் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறார். பசியாறிய பிறகு இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. இதனாலா, டீச்சர்?"

எனக்கு விடை தெரியவில்லை. 'பார்த்துச் சொல்கிறேன்' என்று அனுப்பிவைத்தேன். அன்று முழுவதும் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குச் சென்றதும் முதன்முறையாகப் பெட்டியின் பக்கவாட்டைப் படித்தேன். ஒரு வேளைக்கு 30 கிராம் என்று போட்டிருந்தது. என் வழக்கமான கிண்ணத்தைத் தராசில் வைத்தேன், 70 கிராம்! நூறு கிராமுக்குச் சர்க்கரை 28 கிராம். அப்படியானால் என் ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளுக்கு 25 கிராம் அளவுக்குக் குறைத்துக்கொள்வது மேலும் நன்மை தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. பள்ளி மணி அடிக்கும் முன்பே அதில் பெரும்பகுதியை நான் விழுங்கியிருந்தேன். அந்த ஐயா இரண்டு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறார்.

அப்படியென்றால் சேர்த்த சத்து பொய்யா? இல்லை. சீரியலைத் தூளாக்கி நீரில் கரைத்துக் காந்தத்தால் துழாவினேன். முனையில் மெல்லிய கரும்பொடி ஒட்டியது. அது உண்மையான இரும்புத்தூள். வயிற்று அமிலத்தில் கரைந்து, ஓரளவு உடலில் சேரும். தயாரிப்பின்போது சூட்டில் அழியக்கூடிய உயிர்ச்சத்துகளைப் பின்னர் தெளித்துச் சேர்க்கிறார்கள். இவற்றால் பயனடைவோர் உண்டு. சைவ உணவு உண்போருக்கு பி12 கிடைப்பது அரிது. கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் தேவை. அமெரிக்கா 1998-இல் மாவு வகைகளில் அதைக் கட்டாயமாக்கியபின், முதுகுத்தண்டுக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்குக் குறைந்தது.

ஆனால், சேர்த்த சத்து சேர்த்த சர்க்கரையை அழித்துவிடாது. நான் தவறவிட்ட உண்மை அதுதான். மலேசியாவில் 2023-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் பெட்டியின் முகப்பை மட்டும் படிப்பது போதாது. ஏற்கெனவே சத்து மாத்திரை உட்கொள்வோர் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தலசீமியா உள்ளவர்கள் இரும்பு சேர்த்த உணவைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. பசியாறிய கையோடு தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு துண்டு கொய்யாவோ பப்பாளியோ சாப்பிட்டால் கூடும்.

மறுவாரம் அந்தத் தாயாரை அழைத்து, "நான் சரியாகப் படிக்காமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்றேன். சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ், கேழ்வரகுக் கூழ், முட்டை, பருப்பு மிகுந்த சாம்பாருடன் அளவான இட்லி என்று மாற்றுவழிகளைப் பேசினோம். கணவர் மெட்பார்மின் மாத்திரை எடுப்பதாகச் சொன்னார். அதை நீண்டகாலம் எடுத்தால் பி12 குறையக்கூடும் என்பதால், அடுத்த முறை மருத்துவரிடம் அதையும் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "டீச்சரும் தப்புச் செய்வீர்களா?" என்றார்.

செய்வோம். மாணவர்களிடம் 'வினாவை முழுமையாகப் படித்த பிறகு விடை எழுது' என்று நாள்தோறும் சொல்கிற நானே முகப்பை மட்டும் படித்தேன். இப்போது என் சமையலறையில் சீரியல் பெட்டி இருக்கத்தான் செய்கிறது. நூறு கிராமுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவான சர்க்கரை உள்ளது. அவசர நாளில் 30 கிராம், அளந்து.

பெற்றோர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால், முகப்பில் எத்தனை உயிர்ச்சத்து எழுதியிருந்தாலும் அது இனிப்புப் பண்டமே.