பிடிபட்டதுண்டா?

சிவப்பு அடையாள அட்டையுடனேயே தலை நரைத்தவர்கள் மலேசியத் தமிழருள் இன்னும் உளர். நாமும் அவர்களைச் சேர்ந்தவரே. கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தோம். ஆபீஸ் கிராணியாரிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டால் பிறப்புப் பதிந்துவிடுமென்று நம் தந்தையார் நம்பியிருந்தார். அந்நம்பிக்கையின் பலனாக, பிறந்த மண்ணிலேயே பிரஜா உரிமைக்கு மனுப்போடும் நிலை நமக்கு வாய்த்தது.

மனுதாரர் 12 ஆண்டுகளில் 10 ஆண்டேனும் இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும், போதிய மலாய் அறிந்திருத்தல் வேண்டும், நன்னடத்தை உடையவராயிருத்தல் வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு. முதலிரண்டுக்கும் நாம் அஞ்சவில்லை. மூன்றாவதே நெஞ்சை உறுத்திற்று. ஏனெனில், 2007 நவம்பர் 25ந் தேதி, கோலாலம்பூரில் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கித் திரண்ட இண்ட்ராப் கூட்டத்தில் நாமும் நின்றோம். கண்ணீர்ப் புகையும் இரசாயன நீரும் பாய்ந்தன. விரைந்தோட இயலாத நம்மைப் போலீசார் பிடித்தனர். ஓர் இரவு காவலில் வைத்து மறுநாள் விட்டனர். வழக்கில்லை.

"கோர்ட்டுப் படியே ஏறவில்லையே, அண்ணே! கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுங்கள்" என்றார் மனு எழுத உதவிய நண்பர். நம் துணைவியாரோ சோதிடரிடம் நல்ல நாள் கேட்டு வந்தார். (கிரகங்களுக்கும் மனிதர் காரியங்களுக்கும் யாது சம்பந்தமென்று 20 ஆண்டுகளாக மேடையேறிக் கேட்டவர் நாம், ஆயினும் அன்று வாய் திறக்கவில்லை. அவ்வளவு பயம்.)

இல்லை என்பது எளிய சொல்லே. ஆயின், நம் பாட்டனார் நினைவு குறுக்கே வந்து நின்றது. 1941ல் கிள்ளான் தோட்டப் பாட்டாளிகள் செய்த வேலைநிறுத்தத்தில் சிறை கண்டவர் அவர். துரையைக் கண்டால் சைக்கிளினின்றும் இறங்கியாக வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டுமென்பது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. பட்டாளம் வந்தது; சுட்டது; தொழிலாளர் சிலர் மாண்டனர். தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பாட்டனார் தம் சிறைவாசத்தை எவரிடமும் மறைத்தாரல்லர். கல்யாண வீடாயினும் கருமாதி வீடாயினும், வெற்றிலையை மடித்துக்கொண்டே அந்தச் சைக்கிள் கதையைத் தொடங்கிவிடுவார். கேட்டுக்கேட்டு நமக்கே சலித்துப்போகும்.

விசாரணை செய்த உத்தியோகஸ்தர் நம்மினும் மிக இளையவர், மரியாதையாகவே நடத்தினார். சில கேள்விகளுக்குப் பின், "போலீசாரிடம் எப்போதேனும் பிடிபட்டதுண்டா?" என்று மலாயில் கேட்டார். "உண்டு" என்றோம், ஆண்டையும் காரணத்தையும் சொன்னோம். அவர் தலை நிமிராமல் கோப்பில் ஒரு வரி எழுதினார். மேசைக்கு இப்புறமிருந்து அதைத் தலைகீழாக வாசிக்க முயன்றோம், கூடவில்லை. "கடிதம் வரும்" என்றார்.

நண்பர் மூன்று நாள் நம்மோடு பேசவில்லை. துணைவியார் மாத்திரம், "எத்தனை சொல் எழுதினார்?" என்று கேட்டார். ஆறேழு இருக்கும் என்றோம்.

ஆண்டுகள் இரண்டு சென்றன. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டால், இன்றும் அவரே நமக்கு முன் வாசலுக்குப் போகிறார்.