பல்லடம் டு நேரு ஸ்டேடியம்!

'பல்லடம்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கறிக்கோழி! கரெக்ட். கறிக்கோழிக்குப் பண்ணை விலை நிர்ணயம் ஆகிற ஊர் இது. அடுத்து, விசைத்தறி. எந்தப் பக்கம் திரும்பினாலும் 'டடக் டடக்' சத்தம் கேட்கும். 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது எங்களை அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். ஆனால் காலேஜ், தியேட்டர், ஊர்சுற்றல் என்று வந்தால் எனக்கு இன்னமும் கோயமுத்தூர்தான்!

இந்த ஊரில் ஃபுட்பாலா என்று புருவம் தூக்காதீர்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். தறிக்கூடத்தில் நைட் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். பகல் வெயில் கோழிக்கு ஆகாது என்பதால் கூண்டு ஏற்றும் வண்டிகள் அந்த நேரத்தில்தான் பண்ணைகளுக்குக் கிளம்பும். ஊரே முழிச்சிருக்கும்போது நாம மட்டும் தூங்கணுமா என்ன? ஐரோப்பாவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஆரம்பிப்பதும் குளிர்காலத்தில் இதே ஒன்றரை மணிக்குத்தான். எங்க மாமா தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு மெஸ்ஸி, ரொனால்டோ தவிர ஒரு பெயரும் தெரியாது. ஆனால் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து, "ஏனுங் தம்பி, இப்ப எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். என் கணக்கில் அவரும் ரசிகர்தான்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலேஜில் ஒரு கோஷ்டி இருக்கிறது. எல்லா மேட்ச்சும் பார்த்தவன்தான் ரசிகன், மாற்று ஆட்டக்காரன் பெயர் தெரியாதவன் ஓரமாகப் போ என்கிற கோஷ்டி. அவர்களை விடுங்க பாஸ். இன்டர்னல், லேப் ரெக்கார்டு, மினி புராஜெக்ட், நடுவில் தினமும் மூணு மணி நேரம் பஸ் என்று ஓடுகிற நமக்கு வாரம் ஒரு மேட்ச்சே ஜாஸ்தி. அதுவே போதும் என்பதுதான் என் கட்சி.

அதற்கு முதலில் கடிகாரத்தைப் புரிஞ்சுக்கணும். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் என்றால் நமக்கு ராத்திரி ஏழரை. ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதே ஆட்டம் நமக்கு எட்டரை ஆகிவிடும். மார்ச் கடைசி ஞாயிறு திரும்பவும் ஏழரை. இது தெரியாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் விளம்பரம் பார்த்தவர்கள் உண்டு. ஏழரையோ எட்டரையோ, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார சூப்பர் நேரம். அம்மாவின் சீரியலுக்கு சனிக்கிழமை லீவு என்றால் இன்னும் சூப்பர்.

அடுத்தது, புள்ளிப் பட்டியல். ஜெயித்தால் 3, டிரா என்றால் 1, தோற்றால் சைபர். அவ்வளவுதான் சிலபஸ்! ஒரு டீமைப் பிடியுங்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு நிமிஷம் பட்டியலைப் பாருங்கள். மேலே யார், கீழே யார், நம்ம ஆள் எத்தனை புள்ளி பின்னால்... பத்து வாரம் இப்படிப் பார்த்தால் அது தொடர்கதை மாதிரி ஆகிவிடும். மேட்ச் பார்க்காமலே மனசு அடிச்சுக்கும். நடுவில் எத்தனை அத்தியாயம் விட்டுப்போனாலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் விட்டுடாதீங்க.

நான் பார்த்ததிலேயே பெஸ்ட் கடைசி அத்தியாயம் மான்செஸ்டரிலோ மாட்ரிட்டிலோ நடக்கவில்லை. பல்லடத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் நடந்தது!

'சென்னை சிட்டி எஃப்.சி.' ஞாபகம் இருக்கா? பேரு சென்னை, ஊரு கோவை! 2017-18 சீசனிலிருந்து ஐ-லீக்கில் இந்த டீமுக்கு சொந்த மைதானம் நம்ம கோவை நேரு ஸ்டேடியம்தான். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் காரணம்பேட்டை, சூலூர், ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர். அங்கிருந்து டவுன் பஸ். வ.உ.சி. பூங்கா பக்கத்தில் இறங்கினால் ஸ்டேடியம். சுற்றிலும் ஓட்டப்பந்தய டிராக் இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். பரவாயில்லை. மொபைல் ஸ்கிரீனில் தெரிவதைவிடப் பெரிசுதானே!

2018-19 சீசன். கோச், சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்ஸி, கூடவே நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்று ஒரு ஸ்பானிஷ் கூட்டம். நம்ம பக்கத்தில் அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால் என்று தமிழ்நாட்டுப் பசங்க. மான்ஸி அந்த சீசனில் மட்டும் 21 கோல்! ஸ்விட்சர்லாந்தின் பிரபலமான எஃப்.சி. பாசெல் கிளப் 2019-ல் வந்து 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. பாசெல் எங்கே, நம்ம திருச்சி ரோடு எங்கே!

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி நாள். சென்னை சிட்டி கையில் 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கையில் 39. இங்கே நமக்கு எதிரே முந்தைய வருட சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும். (ஏன் ஒரே நேரம்? 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி-ஆஸ்திரியா கதையைத் தேடிப் படியுங்கள். 1-0 என்றால் ரெண்டு பேருமே உள்ளே என்று தெரிந்ததும், ஒரு கோலுக்குப் பிறகு சும்மா பந்தை உருட்டினார்கள். பாவம் அல்ஜீரியா, அவுட்! அதன்பிறகுதான் உலகக் கோப்பையில் கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்க ஆரம்பித்தார்கள்.)

நான் அப்போது ஸ்கூல் பையன். மாமாவோடு போயிருந்தேன். உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பஞ்சாப் கோல் போட்டுவிட்டது! ஹாஃப் டைம் வரை அதே ஸ்கோர். எங்க வரிசையில் பாதிப் பேருக்குக் கண் மைதானத்தில், காது கோழிக்கோட்டில். "அங்க என்னாச்சு, அங்க என்னாச்சு" என்று மொபைல் வைத்திருந்தவரை பிச்சு எடுத்துவிட்டார்கள். செகண்ட் ஹாஃபில் மான்ஸிக்கு ஒரு பெனால்டி. 1-1. அப்புறம் கௌரவ் போரா. இவர் ஸ்ட்ரைக்கரே இல்லை, டிஃபெண்டர்! அவர் வந்து ஒரு கோல், கடைசி நிமிஷங்களில் இன்னொரு கோல். 3-1.

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துவிட்டது. அதாவது, இங்கே டிரா ஆகியிருந்தால்கூட கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி! திரும்பி வரும் பஸ்ஸில் மாமா பேசவே இல்லை. சூலூர் தாண்டின பிறகு, "ஆயிரம்தான் சொல்லு கண்ணு, அந்த போரா பையன் கெட்டிக்காரன்" என்றார். அவர் அதற்கு முன்னால் பார்த்தது மொத்தமே ரெண்டு மேட்ச். அந்த பஸ்ஸில் அவரைவிட சந்தோஷமான ஆள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கொஞ்சம் கஷ்டமான பகுதி. அந்த வருஷங்களில் ஐ-லீக்கை ஜெயித்தாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு மேலே போக வழியே கிடையாது. சாம்பியனாகியும் அதே படியில்தான் நிற்கணும். 2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பானுக்குக் கிளம்பினார். ரொமாரியோ கோவாவுக்கு, எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு. மார்ச்சில் கொரோனா வந்து சீசனையே பாதியில் நிறுத்தியது. அடுத்த சீசன் முழுக்க மேற்கு வங்காளத்தில், பூட்டிய மைதானங்களில். கோவைக்கு ஆட்டமே வரவில்லை. 2021-22 ஐ-லீக் பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டி என்ற பெயரே காணோம். சாம்பியனான மூணே வருஷத்தில்!

அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு ஊரில் ஆடிய நாலு டீமை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால் 2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. கோகுலம் 2021, 2022 என்று அடுத்தடுத்து ஐ-லீக் சாம்பியன். மினர்வா பஞ்சாப் பெயரை மாற்றிக்கொண்டு 2022-23-ல் ஐ-லீக்கை ஜெயித்தது. அந்த வருஷம்தான் சாம்பியனுக்கு மேலே போகும் கதவைத் திறந்தார்கள். முதல் ஆளாக உள்ளே போனது அவர்கள்தான். நாலில் ஒன்று மட்டும் இல்லை. அதுவும் அன்னிக்குக் கோப்பையைத் தூக்கிய ஒன்று!

டி.வி.யில் வரும் பெரிய கிளப்புகள் நீங்கள் செமஸ்டர் முடித்து வரும்வரை அங்கேயேதான் இருக்கும். நீங்கள் பார்க்காவிட்டால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பஸ் தூரத்தில் இருக்கிற டீம் அப்படியில்லை. அதற்கு சனிக்கிழமை சாயங்காலம் கேலரியில் வந்து உட்காருகிற, ஆஃப்சைடு அரைகுறையாகத் தெரிந்த, கடலை தின்கிற ஆட்கள் வேணும். எங்க மாமா மாதிரி. அதனால் உங்கள் ஊர்ப் பக்கம் மாவட்ட லீக்கோ, காலேஜ் டோர்னமென்ட்டோ நடந்தால், ராத்திரி ஒன்றரை மணி ஆட்டத்தை விட்டுவிட்டு முதலில் அங்கே போங்க.

என்னைக் கேட்டால், இப்போதும் வாரம் ஒரு மேட்ச்தான். எங்க டிபார்ட்மென்ட்டில் பாலக்காட்டுப் பசங்க இருப்பதால் ஸ்கோருக்குப் பஞ்சமில்லை. 2022-ல் கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ராட்சத கட்-அவுட் வைத்தார்களே, அந்தக் கூட்டத்தின் சொந்தக்காரர்கள் மாதிரியே பேசுவார்கள். "உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கலாய்த்தால் 43-க்கு 42 கதையை எடுத்துவிடுவேன். கப்சிப்!

ஐ.எஸ்.எல்.லில் எனக்கென்று ஒரு டீம் இன்னும் அமையவில்லை. ஆனால் பஞ்சாப் ஆடும் மேட்ச் என்றால் மாமாவுக்கு ஒரு போன் போட்டுவிடுவேன். "நாம அடிச்ச டீமு கண்ணு!" என்பார், ஒவ்வொரு தடவையும்.