தர்மத்துக்கு ஒரு கப்பல்!

திருவொற்றியூர் தேரடியில் இறங்கி 'கப்பல் கார் வீடு எங்கே?' என்று கேட்டால் போதும், கை காட்டிவிடுவார்கள். வீட்டு நம்பரைச் சொன்னால்தான் முழிப்பார்கள். என் சித்தப்பா வீடுதான் அது. ஹார்பரில் கிளியரிங் ஏஜென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு 84. கார், 1965 மாடல் செவர்லே இம்பாலா. நீளம் கிட்டத்தட்ட 18 அடி. கொட்டகையில் நிற்கிறது. நிற்கிறது என்றால், நிற்கிறது... அவ்வளவுதான். ஓடி ஒன்பது வருஷம் ஆச்சு!

அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் 10 லட்சம் இம்பாலாவுக்கு மேல் விற்றது. நம் ஊருக்கு வந்தவை சொற்பம். டெல்லியில் தூதரகக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப் போகும் கார்களை எஸ்.டி.சி. விற்கும், சினிமாக்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். எம்.ஆர்.ராதா தன் இம்பாலாவில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றினார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சித்தப்பாவுக்கு இது மூன்றாம் கையாக வந்தது. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் அந்தக் கால வழக்கப்படி எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டினார். அன்றிலிருந்து அது சிங்கத் தலையும் டிராக்டர் குரலுமாக எண்ணூர் ரோட்டில் உலா வந்தது.

போன மாசம் நியூஜெர்சி மகன் போனில், "அப்பா, அதை ஏதாவது சாரிட்டிக்குக் கொடுத்துடுங்க. இங்கெல்லாம் ஒரு போன் போட்டா வந்து இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்க" என்றான். அங்கே அது பெரிய வழக்கம். ரிப்பேர் காரைக் கொடுத்துவிட்டு வரியில் பெரிய தொகை கழித்துக்கொண்டவர்கள் பெருகியதால், 2004ல் சட்டத்தையே மாற்றினார்கள். கொடுத்த கார் 500 டாலருக்கு மேல் விலைபோனால், விற்ற தொகைக்குத்தான் பொதுவாகச் சலுகை. தர்மத்திலும் ஆடிட்டர்!

சித்தப்பா பிடித்துக்கொண்டார். "ராயபுரத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. உன் சித்தி கடைசி வரைக்கும் வாராவாரம் போய்க்கிட்டிருந்தா. அவங்களுக்குக் கொடுத்துடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆகும்" என்றார். எனக்கு விஷயம் புரிந்தது. காரை மட்டும் அல்ல, சித்தி உட்கார்ந்த முன் சீட்டையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

ஆட்டோவில் கிளம்பினோம். வடசென்னையைப் பார்க்க அந்தக் கடற்கரை ரோடு போதும். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடல். மறு பக்கம் கண்டெய்னர் லாரிகள், ஒவ்வொன்றும் ஒரு வீடு மாதிரி. சித்தப்பாவுக்கு ஒவ்வொரு கேட்டும் ஒரு கதை. "இந்தப் பக்கம்தாண்டா 1955ல புல்லட் கம்பெனி வந்தது. அதுக்கும் முன்னாடி, 1948லயே எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ். ஆஸ்டின் காரைக் கோத்தாங்க. அப்புறம்தான் லேலண்டு." காசிமேடு வந்ததும் மீன் வாடை அவர் பேச்சை நிறுத்தியது. ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டும்போது மறுபடி ஆரம்பித்தார். 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு போனது. "அப்ப நான் இல்லே" என்றார் சீரியஸாக.

இல்லத்தின் சந்தைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தது. இம்பாலாவின் அகலம் ஆறரை அடி!

பொறுப்பில் இருந்த சிஸ்டர் சித்தியை ஞாபகம் வைத்திருந்தார். பொறுமையாகக் கேட்டார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க வசதியில்லை. நிறுத்த இடமும் இல்லை. எங்களுக்கு இப்ப அவசரம்னா ஒரு பெரிய வாஷிங் மெஷின்தான். படுத்த படுக்கையா பதினோரு பேர் இருக்காங்க" என்றார்.

சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. தர்மம் கொடுக்கப் போய் 'வேண்டாம்' என்று திரும்புவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கடன் கேட்டுக் கிடைக்காமல் வருவதைவிடக் கஷ்டம்.

நான்தான் சமாளிக்க ஒரு கதை எடுத்துவிட்டேன். கதையல்ல, நடந்தது. 1964 டிசம்பரில் போப் ஆறாம் பால் பம்பாய் மாநாட்டுக்கு வந்தார். அவருக்கு அமெரிக்கர்கள் கொடுத்தது ஒரு வெள்ளை லிங்கன் கான்டினென்டல். கிளம்பும்போது அதை அன்னை தெரசாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மாள் அதில் சவாரி போகவில்லை. குலுக்கல் சீட்டுப் போட்டார்! விற்றிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு பணம். அது ஆசன்சோல் பக்கம் தொழுநோயாளிகளுக்கான சாந்தி நகருக்குப் போனது.

"அப்ப நாமும் சீட்டுக் குலுக்குவோம்!" என்று நிமிர்ந்தார் சித்தப்பா.

"தமிழ்நாட்டுல லாட்டரியை 2003லயே நிறுத்தியாச்சு சித்தப்பா. உள்ளே தூக்கிப் போட்டுடுவாங்க!"

சிஸ்டர் சிரித்துவிட்டார்.

அப்புறம் ஒரு வாரம் எனக்கு நாய் அலைச்சல். 2021ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய காரை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் அசல் உருவில் இருக்க வேண்டும். டீசல் எஞ்சினைப் பார்த்ததும் சேகரிப்பாளர் ஒருவர் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். புதுப்பேட்டையிலிருந்து வந்த காயலான் கடைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்து, "இன்னா சார், எடைக்குத்தான் போவும்" என்றார். சித்தப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கடைசியில் வந்தவர் சினிமா ஷூட்டிங்குக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவர். "எஞ்சின் எதுவா இருந்தா என்ன சார், சத்தத்தை டப்பிங்ல போட்டுக்குவோம்!" நல்ல விலை சொன்னார். பணத்தைச் செக்காகவே இல்லத்துக்குக் கொடுத்தோம். பொருளாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. ரொக்கம் என்றாலும் 2000 ரூபாயோடு சரி. வாஷிங் மெஷின் போக, மிச்சத்தில் நாலு கட்டில் வாங்கினார்கள்.

கார் போன அன்று தெருவே கூடிவிட்டது. ரெக்கவரி வண்டியில் ஏற்ற முக்கால் மணி நேரம். பையன்கள் செல்பி எடுத்தார்கள். சித்தப்பா மட்டும் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் அந்த வாடகைக்காரர் போன் செய்தார். "சார், டிக்கி திறக்கலை. சாவி அங்கேயே தங்கிடுச்சா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, "காணோமே... தேடிப் பார்க்கிறேன்னு சொல்லுடா" என்றார், சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.