டாலர் கோட்டு

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் ஹோமர் டேவன்போர்ட். பிறப்பு 1867, ஓரிகன் மாநிலம், சில்வர்டன் அருகே ஒரு பண்ணை. மகன் தாமஸ் நாஸ்ட் மாதிரி கார்ட்டூனிஸ்ட் ஆகவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அவருக்கு மூன்று வயதாகும்போதே அம்மை கண்டு அம்மா போய்விட்டார். ஓவியப் பள்ளியில் நிலைத்துப் படித்தவரும் இல்லை.

1892இல் சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர் பேப்பரில் வேலை. 1895இல் அதன் முதலாளி ஹெர்ஸ்ட் நியூயார்க் ஜர்னலை வாங்கியதும் இவரையும் அங்கே கூட்டிக்கொண்டார். மரக்கட்டையில் படம் செதுக்கிய காலம் முடிந்து, துத்தநாக பிளாக் வந்துவிட்ட நேரம். இன்று வரைந்தது நாளைக் காலைப் பேப்பரில்.

1896 அதிபர் தேர்தல். குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லிக்குப் பின்னால் இருந்து காசு திரட்டியவர் கிளீவ்லாந்து தொழிலதிபர் மார்க் ஹன்னா. திரட்டியது சுமார் 35 லட்சம் டாலர் என்பார்கள். டேவன்போர்ட் அவருக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். கட்டம் போட்ட கோட்டு, கட்டத்துக்குள் எல்லாம் டாலர் குறி. தடித்த கழுத்து, பிதுங்கும் தொப்பை. அடுத்த படத்திலும் அதே கோட்டு, அதற்கடுத்ததிலும் அதே. கொஞ்ச நாளில் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை, துணியே ஆளைக் காட்டிக்கொடுத்தது. ஹன்னா மனம் நொந்துபோனாராம்.

ஆனாலும் ஜெயித்தது மெக்கின்லிதான்.

டேவன்போர்ட்டின் கோடு நயமானது என்று சொல்லமாட்டேன். பேனாவை நெருக்கி நெருக்கி இழுத்து நிழலை அப்புவார். டிரஸ்டுகள் (ஏகபோகத் தொழில் கூட்டுகள்) என்றால் மலை போல ஒரு முரடன். நளினம் தேடுபவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம். ஆனால் கண்ணில் விழுந்தால் மறக்காது.

1897இல் நியூயார்க் சட்டசபையில் இப்படிப்பட்ட கார்ட்டூன்களுக்கு எதிராகவே ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை.

1904: ஹெர்ஸ்டை விட்டு ஈவினிங் மெயில் பேப்பருக்கு. அதிபர் ரூஸ்வெல்ட்டின் தோளில், அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் கை வைத்து, ‘எனக்கு இவர் போதும்’ என்கிற மாதிரி ஒரு படம். குடியரசுக் கட்சி அதை ஊரெல்லாம் பரப்பியது. எட்டு வருஷம் முன்னால் அதே கட்சியைக் கிழித்த பேனா! எனக்கு இதில் கொஞ்சம் நெருடல்தான்.

1906இல் ரூஸ்வெல்ட்டின் சிபாரிசோடு ஒட்டோமான் நாட்டுக்குப் போய் 27 அரபுக் குதிரைகளை வாங்கி வந்தார். படத்துக்குக் கைம்மாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

1912. டைட்டானிக்கில் பிழைத்தவர்களை வரையத் துறைமுகம் போனவர், நிமோனியா கண்டு மே 2 அன்று இறந்தார்.

சில்வர்டனில் அவர் பெயரில் விழா உண்டு. சோபாவுக்குச் சக்கரம் பூட்டித் தெருவில் பந்தயம் விடுகிறார்கள். அமெரிக்காவில் ஒருவகை சோபாவுக்கும் டேவன்போர்ட் என்றுதான் பேர்.