சிரட்டையில் முளைத்த மறைக்கல்வி

திருவருகைக் காலத்தில் இல்லங்களைச் சந்திப்பது பங்குத்தந்தையரின் வழக்கம். தென்மாவட்டப் பங்கொன்றில் நாம் பணியாற்றிய நாள்களில், டிசம்பர் மாதத்து மாலைவேளை ஒன்றில் ஓர் ஓட்டுவீட்டின் படியேறினோம். அவ்வீட்டுத் தலைவர் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் காலமானவர். அடக்கச் சடங்கை நிறைவேற்றியவர் நாமே. திண்ணையில் ஏழு சிரட்டைகள் வரிசையாக இருந்தன. ஆறில் கேழ்வரகு பசும்புல்லாய்த் தலைகாட்டியிருந்தது. ஏழாவதில் பாசிப்பயறு. குடிலுக்குப் புல்வெளி அமைக்க நம் இல்லங்களில் தொன்றுதொட்டுச் செய்யப்படுவதுதான்.

ஏழாவது சிரட்டையில் மட்டும் மண் கிளறிக் கிடந்தது. “தெனமும் தோண்டித் தோண்டிப் பாக்கான் சாமி, சொன்னாக் கேக்க மாட்டேங்கான்” என்று தாய் குறைப்பட்டுக்கொண்டார். நான்காம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், முளைத்த பயறு ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நம்மிடம் நீட்டினான். “போட்ட விதையக் காணும் சாமி. தோலு மட்டுந்தான் கெடக்கு. உள்ள இருந்தது மேல வந்துட்டு” என்றான். சற்றுநேரம் பேசாமல் நின்றவன், தாய் அடுக்களைக்குள் சென்றதும் தாழ்ந்த குரலில், “அப்பாவும் இப்படித்தானா சாமி?” என்று கேட்டான்.

இறையியல் கல்லூரியில் நிறைவுகாலம் பற்றிய பாடங்களை முறையாகப் பயின்றவர்கள் நாம். ஆயினும் அந்த நொடியில் நமது நினைவுக்கு வந்தது வேறொன்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் ஞாயிறு மறைக்கல்வித் தேர்வு நடத்தியிருந்தோம். ‘உடலின் உயிர்ப்பு என்றால் என்ன?’ என்பது அதில் ஒரு வினா. இச்சிறுவன் அதற்கு எதுவும் எழுதாமல் இடம் விட்டிருந்தான். நாம் சிவப்பு மையால் சுழியம் இட்டோம். அதோடு நிற்காமல், திருப்பலி முடிந்தபின் அவன் தாயை நிறுத்தி, பிள்ளையைப் படிக்க வைக்குமாறு பலர் காண அறிவுரையும் கூறினோம். கணவரைப் புதைத்து இரண்டு மாதங்களே ஆகியிருந்த அப்பெண்மணி தலைகவிழ்ந்து நின்றது இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

வினா அதுவேதான். தாளில் நாம் கேட்டபோது அவனிடம் விடை இல்லை. மண்ணைத் தொட்டபோதோ, அவனே அதை நம்மிடம் கேட்டான்.

நாம் திண்ணையில் அமர்ந்தோம். ஆண்டவர் இயேசுவும் தம் சாவைப் பற்றிப் பேசும்போது மண்ணில் விழும் கோதுமை மணியைத்தான் காட்டினார் என்றும், கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியார் இறந்தோரின் உயிர்ப்பை விளக்க விதையையே எடுத்துக்கொண்டார் என்றும் அவனுக்குச் சொன்னோம். அவன் முளையை மறுபடியும் மண்ணில் ஊன்றி, விரலால் அழுத்திவிட்டு நீர் தெளித்தான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பாஸ்கா விழாவைப் பற்றிய விடுதலைப் பயணப் பகுதியை எடுத்துப் படித்தோம். முதலில் ஆட்டுக்குட்டி, வாசற்கால், புளியாத அப்பம். அவற்றைக் கண்டு பிள்ளை, ‘இது எதற்கு?’ என்று கேட்பான். அதன் பின்னரே தந்தை பதில் சொல்வார். யோர்தானைக் கடந்ததும் யோசுவா நிறுத்திய பன்னிரு கற்களும் அவ்வாறே. வருங்காலப் பிள்ளைகள் கண்டு கேட்பதற்கென்றே அவை வைக்கப்பட்டன. செயல், வினா, விடை என்பதே விவிலியம் காட்டும் வரிசை. நாமோ பிள்ளைகள் கேட்காத வினாக்களுக்கு விடைகளை மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தோம்.

நாசரேத்து இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். யோசேப்பின் பட்டறையில் கைத்தொழில் கற்றவர் நம் ஆண்டவர். மூன்று மரக்கால் மாவில் புளிப்புமாவைப் பிசைந்து வைக்கும் பெண்ணைப் பற்றி அவர் உவமை சொன்னபோது, அது ஏட்டில் படித்த செய்தியாகவா இருந்திருக்கும்? அன்னை மரியாவின் அருகில் நின்று, மாவு பொங்குவதைப் பார்த்த சிறுவனின் நினைவு அதில் இருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

திருச்சபை வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது கிரேச்சியோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ், வைக்கோல் நிறைந்த தீவனத்தொட்டி ஒன்றையும் உயிருள்ள எருதையும் கழுதையையும் வைத்து மக்களைக் கூட்டினார். பெத்லகேமின் எளிமையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவரது ஏக்கம். நம் இல்லக் குடில்களின் மூலம் அதுவே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரேச்சியோவுக்குச் சென்று, இல்லங்களில் குடில் அமைக்கும் வழக்கத்தை ஊக்குவிக்கும் திருமடலில் கையொப்பமிட்டார்.

குழந்தை கைகளால் கற்கிறது என்பதைக் கல்வியுலகிற்கு உணர்த்திய மரியா மாண்டிசோரி அம்மையார் கத்தோலிக்கர் என்பதை நம்மில் பலர் அறியோம். 1939இல் சென்னைக்கு வந்த அவர், உலகப்போர்க் காலத்தில் நம் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அவர் வழியைப் பின்பற்றி 1954இல் உரோமையில் சோபியா கவல்லெத்தி, ஜியான்னா கோபி என்னும் இரு பெண்மணிகள், சிறிய மரப்பீடமும் ஆடுகளும் ஆயனுமாகக் குழந்தைகள் தொட்டுப் பழகும் மறைக்கல்வி முறையொன்றைத் தொடங்கினர். அது இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று 1964இல் அழைத்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று 1965இல் கற்பித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது.

அன்பார்ந்த பெற்றோரே, இதற்கெல்லாம் பொருட்செலவு தேவையில்லை. திருவழிபாட்டு ஆண்டே நமக்குப் பாடத்திட்டம். திருவருகைக் காலத்தில் வெறுமையான சிறு தொட்டி ஒன்றை வைத்து, ஒவ்வோர் அன்புச் செயலுக்கும் ஒரு வைக்கோலைப் பிள்ளையே இடட்டும். குழந்தை இயேசுவுக்கு மெத்தை அவ்வாறு தயாராகும். டிசம்பர் நடுவில் கேழ்வரகை விதைத்தால் விழா இரவில் புல்வெளி கிடைக்கும். தவக்காலத்தில் பிடியரிசி எடுக்கும் பழைய வழக்கத்தைப் பிள்ளையின் கையால் செய்யுங்கள்; ஏழைக்கான பங்கு தன் பிடியில் எவ்வளவு கனக்கிறது என்பதை அக்கை அறியும். குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை முடையப் பாட்டி கற்றுத்தரட்டும். அடுத்த ஆண்டு அதே ஓலை சாம்பலாகித் தன் நெற்றிக்கு வரும்போது, பிள்ளை கேட்காமல் இருக்குமோ? பெரிய வியாழன் இரவில் தந்தை தம் மக்களின் பாதங்களைக் கழுவட்டும். அண்டையிலுள்ள கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் அவ்விரவில் குடும்பத் தலைவர் பெசகா அப்பத்தைப் பிட்டுப் பகிரும் அழகிய மரபு உண்டு. அக்டோபரில் ஐம்பத்து மூன்று சிறு மணிகளும் ஆறு பெரு மணிகளும் கோத்து, தன் செபமாலையைத் தானே செய்த பிள்ளை, அதை எளிதில் மறக்காது. நவம்பரில் கல்லறைத் தோட்டத்தில் களைபிடுங்கும் வேலையைப் பெரியவர்களே செய்து முடித்துவிடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். பிள்ளை செய்தது கோணலாக இருந்தால் இரவோடிரவாகத் திருத்திவைக்காதீர்கள். கோணலான குடிலில் பிறக்க ஆண்டவர் தயங்கியதில்லை. குடிலைப் போட்டியாகவும் ஆக்காதீர்கள். இதைச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு. பங்கில் குடில் போட்டி வைத்து, கடையில் வாங்கிய மின்விளக்குக் குடிலுக்கு முதற்பரிசு அளித்தவரும் நாமே.

உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். அந்தத் தாயும் நாள்முழுதும் பீடி சுற்றியவர்தான். சிரட்டைகளை எடுத்து மகன் கையில் கொடுத்தார், மண்ணை அள்ளச் சொன்னார், அவ்வளவே. மீதியை விதை பார்த்துக்கொண்டது. உழவன் உறங்கும்போதும் விதை முளைக்கிறது என்று ஆண்டவரும் சொல்லவில்லையா?

விழாவன்று காலைத் திருப்பலிக்குப் பின் அந்தத் தாய் நம்மைக் காண வந்தார். முன்பு அவரை நிறுத்திய அதே இடத்தில், நம் தவற்றுக்காக மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் எதுக்கு சாமி” என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக் குடிலில் ஆறு சிரட்டைகள்தாம் இருந்தனவாம். ஏழாவதைத் தேடினாராம்.

மாலையில் நாம் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று பார்த்தோம். புதுமேடு ஒன்றின் தலைமாட்டில் பாசிப்பயறு முளைத்த சிரட்டை இருந்தது. மண் ஈரமாகவே இருந்தது.