இமயத்து ஆர்க்கிட், நீலகிரிச் சதுப்பு

கோவையை அடுத்த கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்குச் செல்லும் பயணி, விசைத்தறி ஓசை நிறைந்த வறண்ட கொங்குச் சமவெளியை விட்டுச் சில மணி நேரத்திலேயே, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், இமயத்துச் செடிகள் சிலவும் வளரும் குளிர்ந்த மலைநாட்டை அடைந்துவிடுகிறார். அவற்றுள் ஒன்று சாடிரியம் நேபாலென்சே என்னும் தரைவாழ் ஆர்க்கிட். மரத்தைப் பற்றிக்கொள்ளாமல் மண்ணிலேயே வேரூன்றி வளர்வதால் அதற்கு அவ்வாறு பெயர். நேபாளத்துச் செடியைக் கொண்டு தாவரவியலாளர் டேவிட் டான் 1825-இல் விவரித்த இவ்வினம், இடையே பரந்து கிடக்கும் வெப்பச் சமவெளிகளைத் தாண்டி, நீலகிரியிலும் பழனி மலையிலும் இலங்கையின் மலைநாட்டிலும் மீண்டும் தலைகாட்டுகிறது.

கோவைக்கும் நீலகிரியின் ஆர்க்கிட்களுக்கும் உள்ள உறவு பழையது. 1842 முதல் 1853 வரை கோவையில் அமெரிக்கப் பருத்திச் சோதனைகளை மேற்பார்வையிட்ட தாவரவியலாளர் ராபர்ட் வைட், பருத்தியில் பெரிய வெற்றி காணாவிட்டாலும், ரங்கையா, கோவிந்து ஆகிய இந்திய ஓவியர்களைக் கொண்டு ஆர்க்கிட்கள் உள்ளிட்ட நீலகிரித் தாவரங்கள் பலவற்றை வரையச் செய்து அச்சேற்றினார். இன்று மதிப்புடன் நிற்பது அந்தப் பணியே.

தென்மேற்குப் பருவமழையில் நனைந்த புற்சரிவுகளிலும், நீர் வடியாத பள்ளங்களின் ஓரங்களிலும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சாடிரியத்தின் இளஞ்சிவப்புப் பூக்கதிர் நிமிர்ந்து நிற்கும். குனிந்து நோக்கினால், பெரும்பாலான ஆர்க்கிட்களில் கீழ்நோக்கி அமையும் உதட்டிதழ் இதில் மேற்புறமாக முக்காடுபோல் கவிந்திருப்பதும், அதன் பின்னே தேனைத் தாங்கிய இரு குழல்கள் தொங்குவதும் தெரியும். மண்ணுக்கடியில் இரண்டு கிழங்குகள் உண்டு. ஒன்று இவ்வாண்டின் பூவுக்குத் தன் சேமிப்பைக் கொடுத்துச் சுருங்க, மற்றொன்று அடுத்த ஆண்டுக்காகப் பருக்கிறது. தூள்போன்ற விதைகளில் உணவுச் சேமிப்பு இல்லாததால், மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையின்றி அவை முளைத்து வளர்வதில்லை.

நீர் வடியாத அந்தச் சதுப்புப் பள்ளங்களில் அரைகுறையாக மக்கிய தாவரப் பொருள் படிந்து உருவான கரிய மண்ணைப் பீட் என்பர். நீலகிரியில் அத்தகைய சில படிவுகள் 20,000 ஆண்டுப் பழமை உடையவை. அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளின் பெரும்பகுதியில் சீகையும் யூக்கலிப்டஸும் நடப்பட்டது, தாவரவியல் நோக்கில், பெரும் பிழையே. உதகைப் பூங்காவின் மலர்ப்பாத்திகளோடு திரும்பிவிடும் சுற்றுலாப் பயணிக்குப் புல்வெளியின் இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை.

காட்டு ஆர்க்கிட்களின் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சாடிரியத்தின் கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்தாலும், குளிரும் பூஞ்சையும் இல்லாத சமவெளித் தொட்டியில் அது தழைப்பது அரிது. ஆகவே காண விரும்புவோர் செப்டம்பரில் மலையேறி, வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களில் அதைப் பெற்று, பூவை நின்ற இடத்திலேயே பார்த்துத் திரும்புவார்களாக.