கடைமடையில் கால்பந்து

பாசஞ்சர் ஆலப்பாக்கத்தைத் தாண்டும்வரை நண்பர் வாயைத் திறக்கவில்லை. புதுச்சத்திரத்தில் ஆரம்பித்தார். "சொல்லுங்க சார், இன்னும் எத்தனை வருஷம் குடுக்கணும் அவங்களுக்கு?"

அவர்கள் என்பது சென்னையின் எஃப்.சி.யின் முதலாளிகள். ஒருவர் நடிகர், ஒருவர் கிரிக்கெட்காரர், ஒருவர் தொழில் நடத்தும் பெண்மணி. நண்பருக்குச் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடைமடையில் இரண்டு ஏக்கர். தண்ணீருக்குக் காத்திருந்தே பழகிய மனிதர். அவரே பொறுமை இழந்தார் என்பது எனக்குச் செய்திதான்.

நான் எதிர்க்கட்சி. 2015 டிசம்பரில் கோவாவில் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழுந்து கோப்பை வந்தது (அதில் ஒன்று எதிரணிக் கோல்கீப்பர் உபயம்). 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று வென்றார்கள். அடுத்த பருவத்தில் 9 புள்ளி, கடைசி இடம். தோற்றதற்காக முதலாளியை வைவது நியாயமில்லை. பந்தை உதைப்பது அவரல்ல.

"கோயமுத்தூரை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. பெயரில் சென்னை சிட்டி, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, ஐ-லீக் பட்டம் வாங்கியது. மான்சி ஒருவரே 21 கோல். ஸ்விட்சர்லாந்தின் பாஸல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கிற்று. 2021-22 ஐ-லீகில் அந்த அணியே இல்லை. ஆட்டத்தில் தோற்றுப் போனதல்ல அது, காகிதத்தில் போனது.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது, டிசம்பரில் முடிகிற ஒப்பந்தத்துக்கு மறு ஒப்பந்தம் இல்லையென்று. ஆகஸ்டில் சென்னையினும் வேலைகளை நிறுத்திற்று. அப்போது நான் சம்மேளனத்தை வைதேன், அவர் முதலாளிகளை. இன்றைக்கும் அதே பாட்டுதான்.

"தண்ணி வரலைன்னா பொறுத்துக்கலாம் சார். வாய்க்காலையே தூத்துட்டா?"

எனக்குப் பதில் வரவில்லை. பேச்சை மாற்றக் கடலூர்ப் பெண்களை இழுத்தேன். சுனாமிக்குப் பிறகு அங்கே வளர்ந்த ஆட்டம். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தேசியப் பட்டம் வாங்கினார்களே, அதில் எந்த முதலாளி இருந்தார் என்றேன்.

"அதை யாரு சார் டிவியில காட்டினான்?" என்றார்.

கிள்ளையில் வண்டி நின்றது. முறுக்கு வாங்கினோம். அவர் மடியில் பழைய நீல ஜெர்சி, மடித்து வைத்தபடி.

"போட்டுக்கலியா?"

"மேட்ச் அன்னிக்குப் போட்டுக்குவேன்."